நந்தவனத்துக்கு வளைந்த மதில்

திருவரங்கத்தில் ஒரு கோடைக்காலம்

காவிரியும் கொள்ளிடமும் இரு கரங்களாகத் தழுவ, நடுவே தீவாக விளங்கும் திருத்தலம் திருவரங்கம். முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் ஆறு, கல்லணைக்கு அருகே மீண்டும் நெருங்கி வருகிறது. இடைப்பட்ட அந்த நிலத்தில்தான் அரங்கநாதரும் ஆனைக்காவின் அப்பனும் கோயில் கொண்டிருக்கின்றனர். ஆடியில் இங்கு வரும் அன்பர்கள் கரை தொடும் புதுவெள்ளத்தைக் காண்பார்கள். சித்திரையில் வருபவர்கள் காண்பது வெண்மணல் பரப்பையும், அதனிடையே மெல்லிய நூலாக ஓடும் நீரையும்தான்.

சித்திரை 21 அளவில் தொடங்கி வைகாசியின் நடுப்பகுதி வரை நீளும் அக்னி நட்சத்திர நாள்களில், திருச்சிராப்பள்ளியின் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். கோயிலின் கற்றளங்கள் உச்சிப்பொழுதில் காலைச் சுடும். தேங்காய்நார் விரிப்பின் மீது கால் பதித்து விரைந்து நடக்கும் அடியார்களைப் பார்க்கும்போது, இந்தப் பருவத்திலா யாத்திரை என்று தோன்றக்கூடும். ஆனால், இந்தத் தலத்தின் மிக இனிய காட்சிகள் சில கோடைக்கென்றே அமைந்தவை. பானை நீர், முற்றத்துக் காற்று, அந்தியில் அவிழும் மல்லிகை என்று இங்குள்ள இல்லங்கள் கோடையில் துய்க்கும் எளிய சுகங்கள் அனைத்தும் கோயிலிலும் உண்டு. வீட்டில் குழந்தைக்குச் செய்வதைப் பெருமாளுக்கும் செய்கிறார்கள். பெருமாளுக்குச் செய்ததை அண்டை அயலாருக்கும் வழிப்போக்கருக்கும் செய்கிறார்கள். இந்தத் தொடர்ச்சியைக் காண, கோபுர வாசலுக்குச் செல்லும் முன்பு ஒரு பழைய வீட்டின் வாசலில் சற்று நிற்க வேண்டும்.

வாசல் முதல் கொல்லை வரை

ஏழு மதில்கள் சூழ்ந்தது அரங்கன் திருக்கோயில். 1987-ஆம் ஆண்டு நிறைவுற்ற 236 அடி உயர ராஜகோபுரம் அதன் தெற்கு வாசல். அந்தக் கோபுரத்தைக் கடந்தாலும் உடனே சந்நிதி வந்துவிடுவதில்லை. புறச் சுற்றுகளில் மக்கள் குடியிருக்கும் வீதிகள் உள்ளன, கடைகள் உள்ளன, பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள் உள்ளனர். கோயிலுக்குள் ஊரா, ஊருக்குள் கோயிலா என்று பிரித்துச் சொல்ல இயலாத அமைப்பு இது.

உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் உள்ள பழைய வீடுகள் அகலம் குறைந்தவை, நீளம் மிகுந்தவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, அதற்கும் அப்பால் கொல்லை என்று ஒரே கோட்டில் அமைந்தவை. வாசலில் நிற்பவருக்குக் கொல்லைப்புறத்து வாழையிலை அசைவது தெரியும். முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழும்பிச் செல்ல, நிழலும் ஈரமும் உள்ள கொல்லையிலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப உள்ளே வரும். மின்விசிறி வருவதற்கு முன்பு, இரண்டு கதவுகளைத் திறந்து வைப்பதுதான் வீட்டைக் குளிர வைக்கும் வழி. மாலையில் முற்றத்துத் தரையில் இரண்டு குடம் நீரைத் தெளித்துவிட்டால், இரவு அங்கேயே பாய் விரிக்கலாம். நட்சத்திரங்களைப் பார்த்தபடி கதை கேட்டு உறங்கிய குழந்தைகளுக்கு, அந்த முற்றமே வானத்தைக் கற்பித்த பள்ளி.

கொல்லையில் கிணறு இருக்கும். கிணற்றடியை ஒட்டி வாழை, சற்றுத் தள்ளித் தென்னை, எலுமிச்சை, கறிவேப்பிலை, மதிலோரம் பவழமல்லி, பந்தலில் படர்ந்த முல்லை, வெயில் நன்றாகப் படும் இடத்தில் மல்லிகை. இவற்றுக்கெல்லாம் நீர் வார்ப்பதில் ஒரு முறை இருந்தது. குளித்த நீரும் துணி அலசிய நீரும் வாழைக்கு. அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைக்கு. துளசிக்கு மட்டும் புதிதாக இறைத்த நீர். ஒரு குடம் நீரைக்கூட வீணாக்காத அந்தச் சிக்கனத்தில், கோடையிலும் பசுமை குன்றாத கொல்லை விளைந்தது.

மார்கழி, தை மாதங்களில் கிளை கழித்துவிட்ட மல்லிகைச் செடி, பங்குனியில் தளிர்த்து, சித்திரையில் பூத்துக் குலுங்கும். வெயில் ஏற ஏற அதற்கு மகிழ்ச்சி. மொட்டாகவே பறித்து, நனைத்த வாழைநாரில் தொடுத்து வைத்தால், விளக்கேற்றும் நேரத்தில் அவை ஒவ்வொன்றாக அவிழ்ந்து வீடு முழுவதும் மணக்கும். தொடுத்த சரத்தில் முதல் முழம் பெருமாளுக்கு. அடுத்தது வீட்டுப் பெண்களுக்கு. பிறகு பக்கத்து வீட்டுக்கு. பால் கொண்டு வரும் பெண்மணிக்கு. ஒரே செடியின் பூ, தெருவில் நான்கு வீட்டு வாசலைக் கடந்திருக்கும்.

கோடைத் தளிகை

சமையலறையிலும் கோடைக்கெனத் தனிக் கணக்கு உண்டு. மாசி, பங்குனியில் மாவடு வந்துவிடும். கொட்டை முற்றாத சிறு பிஞ்சுகளைக் காம்புடன் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, மஞ்சள்பொடி சேர்த்து ஜாடியில் இடுவார்கள். ஒரு சொட்டு நீரும் விடுவதில்லை. நாள்தோறும் ஜாடியைக் குலுக்கி வைக்க, வடு தன்னுள் இருந்த நீரைத் தானே விட்டுச் சுருங்கும். தயிர்சாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான துணை வேறில்லை.

சித்திரை பிறந்ததும் மொட்டை மாடியில் வேட்டி விரித்து, அரிசி வடாமும் ஜவ்வரிசி வடாமும் பிழிவார்கள். காக்கை விரட்டக் குழந்தைகளுக்குக் காவல் பணி. கறுப்புக் குடையும் கையில் கோலுமாக அமர்ந்திருக்கும் காவலர்களே பாதி காய்ந்த வடாமைத் திருட்டுத்தனமாக உரித்துத் தின்பதும், பாட்டி அதைக் கண்டும் காணாதவராக இருப்பதும் எல்லா வீட்டுக்கும் பொதுவான திருவிளையாடல்.

கூடத்து மூலையில் மணலைக் குவித்து, அதன்மேல் மண்பானை. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர், வெளிப்புறத்தில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் காற்றோட்டமான இடத்தில் வைத்த பானை அதிகம் குளிர்கிறது. அதனுள் ஒரு பிடி வெட்டிவேரைத் துணியில் முடிந்து போட்டுவிட்டால், தாகத்துக்குத் தண்ணீரே விருந்து.

ஸ்ரீராம நவமியன்று பானகமும் நீர்மோரும் இல்லாத வீடு இல்லை. ஒரு பங்கு வெல்லத்துக்கு நான்கு பங்கு குளிர்ந்த நீர். தட்டிய ஏலக்காய், சுக்குப்பொடி, சிறிது எலுமிச்சைச் சாறு, மிகச் சிறிய துணுக்குப் பச்சைக் கற்பூரம். பெருமாளுக்குக் கண்டருளச் செய்த பிறகு, அதைத் திண்ணைக்குக் கொண்டு வந்துவிடுவார்கள். வெயிலில் நடந்து வரும் எவருக்கும் ஒரு குவளை உண்டு. யார், எந்த ஊர் என்ற கேள்வி இல்லை. சிலர் பனையோலை விசிறியும் தானம் செய்வார்கள். தன் வீட்டுக் குளிர்ச்சியை வீதியோடு பகிர்ந்துகொள்வதற்கு ராமபிரானின் பிறந்த நாளைவிட நல்ல நாள் ஏது?

அன்னையின் பச்சைப் பட்டினி

இந்தக் கோடை ஆகாரத்தையே தன் நோன்பு உணவாக ஏற்றுக்கொண்ட தாய் ஒருத்தி, கொள்ளிடத்துக்கு வடக்கே வீற்றிருக்கிறாள். சமயபுரம் மாரியம்மன், மாசி மாதத்தின் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்கும் நாள் முதல் 28 நாள்கள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். மற்ற தலங்களில் பக்தர்கள் தெய்வத்தை வேண்டி விரதம் இருப்பார்கள். இங்கே தன் மக்கள் நோயின்றி வாழ அன்னையே விரதம் ஏற்கிறாள். அந்நாள்களில் அவளுக்குச் சமைத்த தளிகை இல்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் ஆகியவையே நைவேத்தியம்.

கோடை தொடங்கும் பருவத்தில் உடலுக்கு எது இதம் என்பதை அன்னை தன் விரதத்தாலேயே சொல்லிக் கொடுக்கிறாள் என்று இதனைக் கொள்ளலாம். கூடை கூடையாக மலர்கள் வந்து அவள் திருமேனியைக் குளிர்விக்கின்றன. சமயபுரத்தாளை அரங்கனின் தங்கை என்று போற்றுவது இப்பகுதி மரபு. தைப்பூசத்தையொட்டி, அண்ணன் வீட்டிலிருந்து கொள்ளிடக் கரையில் அவளுக்குச் சீர்வரிசை தரப்படுகிறது. தெய்வங்களுக்குள்ளும் இங்கே குடும்ப உறவுதான்.

அரங்கனின் கோடை

அண்ணனுக்குச் சித்திரையில் பூச்சாற்று உற்சவம். கோடைத் திருநாள் என்றே அதற்குப் பெயர். வெளிக்கோடை ஐந்து நாள், உள்கோடை ஐந்து நாள் எனப் பத்து நாள் நடைபெறுகிறது. நம்பெருமாள் மாலையில் புறப்பாடு கண்டருளி, மலர்கள் சாற்றப்பெற்று எழுந்தருளியிருக்கும்போது, பகலெல்லாம் வெந்த பிராகாரத்தில் பூமணம் நிறைந்து நிற்கும்.

சித்ரா பௌர்ணமியன்று நம்பெருமாள் காவிரிக் கரையிலுள்ள அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். அங்கு நடைபெறுவது கஜேந்திர மோட்சம். தாமரை பறிக்கப் பொய்கையில் இறங்கிய யானையை முதலை பற்றியது; அது தன் உயிரைவிடக் கையிலிருந்த மலர் வாடுமுன் பெருமாளைச் சேர வேண்டுமே என்று தவித்ததாகப் பெரியோர் விளக்குவார்கள். ஆற்றில் நீர் ஒடுங்கியிருக்கும் கடுங்கோடையில் இந்தக் காட்சியைக் காண்பவர்கள், நீரும் மலரும் எத்தகைய செல்வங்கள் என்பதைத் தனியே கேட்டறிய வேண்டியதில்லை.

வைகாசியில் வசந்த உற்சவம். தாயார் சந்நிதியை அடுத்த வசந்த மண்டபத்தில், சுற்றிலும் நீர் நிரப்பிய அகழியின் நடுவே நம்பெருமாள் அமர்ந்திருப்பார். ஒன்பது நாள்கள் மாலைப்பொழுதில் அங்கு அவருக்கு இளைப்பாறல். வீட்டு முற்றத்தில் நீர் தெளித்துப் பாய் விரிப்பதற்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு, அன்பு ஒன்றே. இறைவனுக்கு வெயில் சுடுமா என்று வாதிடுவதை விட்டுவிட்டு, அவன் வியர்ப்பானே என்று விசிறி எடுத்தவர்களின் ஊர் இது.

மதில் வளைந்த வரலாறு

அந்த அன்பின் தலைமகனாக விளங்கியவர் விப்ரநாராயணர். திருமண்டங்குடியில் பிறந்து, அரங்கத்தில் நந்தவனம் அமைத்து, துளசியும் மலரும் வளர்த்துத் தொடுத்துப் பெருமாளுக்குச் சமர்ப்பிப்பதையே வாழ்வாகக் கொண்டவர். தொண்டரடிப்பொடி ஆழ்வார் என்று உலகம் போற்றுவது இவரைத்தான். அரங்கனைத் துயிலெழுப்ப இவர் பாடிய திருப்பள்ளியெழுச்சியின் நிறைவுப் பாசுரத்தில், துளசி மாலையும் பூக்கூடையும் ஏந்திய தொண்டனாகவே தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார்.

இவருடைய நந்தவனம் பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி ஒன்று உண்டு. திருமங்கையாழ்வார் அரங்கனுக்குத் திருமதில் எழுப்பும் கைங்கர்யத்தில் ஈடுபட்டிருந்தார். மதில் செல்ல வேண்டிய நேர்வழியில் தொண்டரடிப்பொடியாரின் நந்தவனம் இருந்தது. மதிலும் பெருமாளுக்குத்தான், கட்டுபவரும் ஆழ்வார். தோட்டத்தை அகற்றச் சொல்லியிருந்தால் யாரும் குறை கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் திருமங்கை மன்னர் நந்தவனத்தைத் தொடவில்லை. மதிலை வளைத்துக் கட்டினார். செடிகளுக்கு இடையே குனிந்து பணி செய்துகொண்டிருந்த தொண்டரடிப்பொடியார் அதைக் கண்டு நெகிழ்ந்து, திருமங்கையாழ்வாருக்குரிய ‘அருள்மாரி’ என்னும் திருநாமத்தைத் தம் தோட்டத்துக் கருவிக்குச் சூட்டி மகிழ்ந்தார் என்பர்.

கல்லும் சுண்ணாம்பும் கொண்ட பெருமதில், பூச்செடிக்கு வழிவிட்டது. தோட்ட வேலை சிறு வேலை என்று எண்ணுபவர்களுக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி கிடையாது.

ஆனைக்காவில் நிழலும் நீரும்

இதே தீவில், அரங்கத்துக்குக் கிழக்கே அமைந்திருக்கிறது திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்களுள் இது நீர்த் தலம். ஜம்புகேசுவரர் எழுந்தருளியுள்ள தாழ்ந்த கருவறையில் நீர் ஊறிக்கொண்டிருக்கும். தலமரம் வெண்நாவல்.

நாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின்மீது சருகும் வெயிலும் விழாதிருக்க, ஒரு சிலந்தி வலை பின்னிப் பந்தலிட்டது. யானை ஒன்று துதிக்கையில் நீர் முகந்து வந்து அபிஷேகம் செய்து மலரிட்டது. யானைக்கு அந்த வலை அசுத்தமாகத் தெரிந்தது, அதைச் சிதைத்தது. சினம் கொண்ட சிலந்தி துதிக்கைக்குள் புகுந்தது. முடிவில் இரண்டுமே மாண்டன. சிலந்தியே மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது என்பது புராணம்.

சிலந்தி தந்தது நிழல்; யானை தந்தது நீர். கோடையில் ஓர் உயிருக்கு வேண்டியவை இவ்விரண்டுமே. சிறிய உயிரால் இயன்றது ஒரு கைப்பிடி நிழல்; பெரிய உயிரால் இயன்றது ஒரு துதிக்கை நீர். ஈசன் இரண்டையும் ஏற்றுக்கொண்டு, இருவருக்கும் அருள் செய்தான்.

இன்றைய கொல்லைகள்

அரங்கத்து வீதிகளில் இன்று நடப்பவர்கள் மாற்றங்களையும் காண்பார்கள். பழைய வீடுகள் பல பாகம் பிரிந்துவிட்டன. கொல்லை இருந்த இடத்தில் அறைகள் எழுந்துள்ளன. கிணற்றை மூடி, மேலே சிமென்ட் தளம் போட்ட வீடுகள் உண்டு. இதில் யாரையும் பழிப்பதற்கில்லை. பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். முதியோருக்கு மாடிப்படி இல்லாத அறை வேண்டும். ஆயினும், கொல்லை மறைந்தால் பூ மட்டும் மறைவதில்லை. முற்றத்துக்கு வந்த காற்று நிற்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் வழி அடைபடுகிறது. பெருமாளுக்கு முதல் முழம், அயலாருக்கு அடுத்த முழம் என்று பகிர்ந்து பழகிய கையும் அந்தப் பழக்கத்தை இழக்கிறது.

வீடு கட்டுவதா, செடியைக் காப்பதா என்ற கேள்வி எழும்போதெல்லாம், திருமங்கையாழ்வாரின் மதிலை நினைத்துக்கொள்ளலாம். அவர் மதிலைக் கட்டாமல் விடவில்லை, தோட்டத்தையும் அழிக்கவில்லை. சற்று வளைத்தார். அறையின் சுவரை இரண்டடி தள்ளி எழுப்பினால் ஒரு மாமரம் பிழைக்கும். பழைய கிணற்றை மூடுவதற்குப் பதிலாக, கூரையில் விழும் மழைநீரை வடிகட்டி அதனுள் இறக்கினால், அடுத்த கோடைக்கும் அது நீர் தரும். தமிழகத்தில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ள நிலையில், கிணறுள்ள வீட்டுக்கு அது எளிதாகவே கைகூடும்.

அடுக்குமாடியில் வாழும் குடும்பங்களுக்கும் வழி உண்டு. காலை வெயில் படும் உப்பரிகையில், அடியில் துளையுள்ள ஒரு தொட்டியில் துளசியும் மற்றொன்றில் மல்லிகையும் வளரும். காய்கறி கழுவிய நீரே மல்லிகைக்குப் போதும். அருகில் ஓர் அகன்ற மண்தட்டில் நீர் வைத்து, நாள்தோறும் கழுவி மாற்றினால், சிட்டுக்குருவியும் மைனாவும் தாகம் தீர்த்துக்கொள்ளும். முதன்முதலாகப் பூக்கும் நான்கு மல்லிகையைக் குழந்தையின் கையாலேயே சுவாமி படத்துக்குச் சாற்றச் சொல்லுங்கள். நந்தவன கைங்கர்யத்தில் அக்குழந்தை அன்றே சேர்ந்துவிடும்.

கோடையில் அரங்கம் செல்லும் அன்பர்கள் அதிகாலையில் தரிசனம் முடித்து, நண்பகலை நிழலில் கழித்து, மாலைப் புறப்பாட்டுக்கு மீண்டும் செல்வது நலம். முதியோரும் குழந்தைகளும் உடன் வந்தால், குடிநீரைக் கையோடு கொண்டு செல்வது அவசியம்.

ஆனியில் நிறைவு

ஆனி மாதக் கேட்டை நட்சத்திரத்தில் ஜ்யேஷ்டாபிஷேகம். காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் தீர்த்தம் எடுத்து, யானை மீது வைத்துக் கொண்டு வருகிறார்கள். மூலவர் சுதைத் திருமேனி என்பதால் அவருக்குத் தைலக்காப்பு, திருமஞ்சனம் நம்பெருமாளுக்கு. மறுநாள் பெரிய திருப்பாவாடை. குவித்த அன்னத்தின் மீது நெய்யும் தேங்காயும், மா, பலா, வாழைக் கனிகளும் சேர, அரங்கன் அமுது செய்கிறான். கோடை முழுவதும் கொல்லைகளும் தோப்புகளும் பழுக்க வைத்தவை ஒரே குவியலாக அவன் முன் வந்து, பிரசாதமாகத் திரும்புகின்றன.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படுவது மரபு. உரிய காலத்தில் நீர் வந்தால், ஆடி மாதத்தில் காவிரி கரைபுரளும். அப்போது நம்பெருமாள் மீண்டும் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரித் தாய்க்குப் பட்டும் மாலையும் மங்கலப் பொருள்களும் சீராக அனுப்புகிறார். கோடையில் நூலாக மெலிந்திருந்தவள், நிறைந்து வரும்போது பெறும் மரியாதை அது.

மண் ஈரமாகும் அந்த நாள்களே மல்லிகைப் பதியன் நடுவதற்கும் உகந்தவை. அன்று நடும் சிறு கொம்பு வேர் பிடித்து, பெருமாள் திருவுள்ளம் இருந்தால், வரும் கோடைகளில் ஒரு முழமாவது பூத் தரும்.